சுக்கானைப் பிடித்தது யார்?

ஒரு சின்னப் பாய்மர வள்ளத்தில் இருந்த பாய்க்கும், திசை திருப்பும் சுக்கானுக்கும் ஆகவே ஆகாது. வள்ளத்தை ஓட்டுவது நான்தான் என்று பாய் பீற்றிக்கொள்ளும். வழி தெரியாத ஓட்டமும் ஓர் ஓட்டமா என்று சுக்கான் கேட்கும். வள்ளக்காரர் சந்தியாகு ஒரு கையில் பாய்க்கயிறும் மறு கையில் சுக்கானுமாக இரண்டையும் சமாளிப்பார்.

திருவிழா அன்று அந்த இரண்டு கைக்கும் வேறு வேலை வந்துவிட்டது. மாலை நான்கு மணிக்குக் கோயிலில் கொடியேற்றம். பழைய கொடிக்கயிறு இற்றுப்போனதால், அக்கரைக்குப் போய்ப் புதிது வாங்கினார். கிடைத்தது இரண்டு துண்டு. முடிச்சுப் போட்டால் கொடிமரத்துக் கப்பியில் மாட்டிக்கொள்ளும். புரிகளைப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று பின்னித்தான் சேர்க்க வேண்டும். கரை சேர்வதற்குள் பின்னி முடிக்காவிட்டால் கொடி ஏறாது.

திரும்பும் வழியில் சுக்கானை அசையாமல் இறுக்கிக் கட்டிவிட்டுக் கயிறு பின்ன உட்கார்ந்தார். காற்று வலுத்தது. பாய் குஷியில் எகிறி, வள்ளத்தின் முனையைக் காற்றுக்கு நேராகத் திருப்பிவிட்டது. பிறகென்ன, பாய் படபடவென்று அடித்துக்கொண்டது, வள்ளம் நின்றுவிட்டது. சுக்கான் பாயைத் திட்டியது. கட்டிப்போட்டுக் கிடக்கிற நீயெல்லாம் பேசாதே என்றது பாய்.

சந்தியாகு சுக்கானின் கட்டை அவிழ்த்துவிட்டார். பாய்க்கயிற்றையே கொண்டுவந்து, காற்று வரும் பக்கமிருந்து சுக்கான் பிடியை இழுக்கும்படி கட்டினார். மறுபக்கத்தில், மீன்கூடையைக் கட்டியிருந்த பழைய சைக்கிள் ட்யூபை மாட்டினார். ரோட்டைத் தவிர வேறொன்றும் அறியாத ட்யூபுக்கு ஒரே உதறல்.

"எனக்குத் திசையே தெரியாதே" என்றது.

"எனக்கும் தெரியாதுன்னு இப்பத்தான் தெரிஞ்சுது" என்றது பாய்.

மறுபடி காற்று வலுத்தது. பாய் எகிறிய எகிறலில் அதன் கயிறே சுக்கானை இழுக்க, வள்ளம் தானாக வழிக்கு வந்தது. காற்று தணிந்து பாய் சோர்ந்தபோது, ட்யூப் சுக்கானைத் தன் பக்கம் இழுத்து வள்ளத்தை நிமிர்த்தியது. கடல் முழுக்க இதே கதைதான்.

"இந்தக் காத்தையா தினமும் தனியாத் தாங்குறே?" என்று சுக்கான் கேட்டது.

"நீ இவ்வளவு கனமா?" என்றது பாய்.

சந்தியாகு பாட்டுப் பாடிக்கொண்டே பின்னி முடித்தார். நான்கு மணிக்குக் கொடி ஏறியது. இணைத்த இடம் கப்பியை வழுக்கிக்கொண்டு தாண்ட, ஊரே கைதட்டியது. சந்தியாகுவுக்குக் கண் கலங்கிவிட்டது, அத்தனை சந்தோஷம்.

கூடையை எடுக்க வள்ளத்துக்கு வந்த அவர் மனைவி பிரகாசிக்கு ஒரு சந்தேகம். "ரெண்டு கையும் கயித்துல இருந்தா, வள்ளத்தை யாருங்க ஓட்டுனது?"

இத்தனை நாள் சண்டையும் இந்த ஒரு கேள்விக்குத்தான். பாயும் சுக்கானும் அவசரமாக வாயைத் திறந்தன.

"அதுதான்" என்றன இரண்டும், ஒன்றையொன்று காட்டி.