மடியில் வைத்த தலை

மகள் லிடியாவுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காதுக்குப் பின்னால் ஈர் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. அசையாமல் இருந்தால் ஒரு கதை சொல்கிறேன் என்றேன். எனக்குக் கோர்வையாகச் சொல்ல வராது. தெரிந்தபடி சொல்கிறேன்.

இஞ்ஞாசியம்மாள் என்று ஒருத்தர். மருமகளோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டு வந்தவர். கன்னியர் மடத்து ஹாஸ்டலில் சமையலுக்குச் சேர்ந்தார். அங்கே சிஸ்டர் ஜெசிந்தாவிடம், "செபிக்கக் கத்துக்கொடுங்க" என்று கேட்டார். சிஸ்டருக்கு அவர் மகள் வயதுதான்.

தினமும் சாயங்காலம் மடத்துக் கோயிலில் உட்கார்ந்து, அன்றைய நாளை நினைத்து, தன்னிடம் என்ன குற்றம் என்று பார்க்கிற ஆத்தும சோதனை செய்யச் சொன்னார் சிஸ்டர்.

நாற்பது நாள் ஆயிற்று. மகன் வந்தான். "நாளைக்குப் பிள்ளைக்கு ஞானஸ்நானம். நீ வராட்டி இனிமே கூப்பிட மாட்டேம்மா." சொல்லிவிட்டுப் போய்விட்டான். வீட்டை விட்டு வந்த பிறகு பிறந்த பேத்தியின் முகத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை.

வேப்பமரத்தடியில் சிஸ்டர் ஹாஸ்டல் பிள்ளைகளுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தார். இஞ்ஞாசியம்மாள் போய் நின்றார்.

"நான் போகல சிஸ்டர்."

"ஏன்?"

"நாப்பது நாளா என்னைச் சோதிச்சுப் பாத்துட்டேன். எங்கிட்ட ஒரு குத்தமும் இல்ல. எல்லாம் அவ செஞ்சது. அவ வந்து கூப்பிடட்டும்."

சிஸ்டர் பிள்ளையின் தலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்க தலையில பேன் இருக்கா அம்மா?"

"எனக்கா? இல்லையே."

"நல்லா பாருங்க."

கொண்டையை அவிழ்த்து விரலால் கோதிப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல."

"சரி, உக்காருங்க."

"சமையல் பாட்டிக்கும் பேனு!" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். வெட்கத்தோடு சிஸ்டர் மடியில் தலையைச் சாய்த்தார்.

கொஞ்ச நேரத்தில் சிஸ்டர் கட்டைவிரல் நகத்தை நீட்டிக் காட்டினார். நல்ல கறுத்த பேன். ஓடியது.

"இந்தக் குட்டிககிட்ட இருந்துதான் தொத்தியிருக்கும்."

"யாருகிட்ட இருந்து வந்துச்சுன்னு நான் கேக்கலையே. யாரு தலையில இருந்துச்சு?"

பேன் டிக்கென்று நகத்தில் நசுங்கியது.

"அப்ப நான் எப்படித்தான் சோதிக்கிறது?"

"நீங்க தேடாதீங்க. இன்னைக்கு நடந்தது இதுதான் ஆண்டவரேன்னு சொல்லிட்டு, தலையை அவர் மடியில வையுங்க. அவர் பாக்கட்டும்."

"தினமுமா?"

"ஈரெல்லாம் ஒரே நாள்ல போயிருமா?"

அன்றைக்குச் சாயங்காலம் இஞ்ஞாசியம்மாள் கோயிலை விட்டு வர நேரமானது. வரும்போது கண் சிவந்திருந்தது. சிஸ்டர் வாசலில் நின்றார்.

"மருமகளுக்கு அப்ப நிறைமாசம். கையைத் தூக்க முடியல. 'அத்தை, தலை வாரி விடுங்களேன்'னு கேட்டா. உனக்குக் கையில்லையான்னு கேட்டுட்டேன் சிஸ்டர். இத்தனை நாளா இது எனக்கு ஞாபகமே வரல."

சிஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதெல்லாம் ஆண்டவர் பாத்துட்டாரே. அருவருக்க மாட்டாரா?"

"அருவருக்கிறவங்க மடியில போட்டுப் பாப்பாங்களா அம்மா?"

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே வந்து மகன் வீட்டு வாசலில் நின்றார். கையில் சீப்பு இருந்தது. பிள்ளையைக் கேட்கவில்லை. மருமகளைத்தான் கேட்டார்.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அந்த மருமகள் நான்தான். பிள்ளை இந்த லிடியா. அன்றைக்கு அத்தையைப் பார்த்ததும் நான் என்ன செய்தேன் என்றால், பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, அவிழ்ந்த முடியோடு அப்படியே போய் அவர்கள் மடியில்...

அத்தை கூப்பிடுகிறார்கள். "ஏளா, அவளுக்குப் பாத்து முடிச்சிட்டியா? இங்க வா, உன் தலையைக் கொண்டா."