எத்தனை வாசல்

ராக்கியப்பன் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றது துண்டறிக்கையில். பேசக் கற்றது மில் வாசலில். ஒலிபெருக்கி பழுதானாலும் அவர் குரல் பேருந்து நிறுத்தம் வரை போகும். அந்தக் குரலுக்கு ஊரில் ஒரு மரியாதை இருந்தது. அவரைக் கண்டால் முதலாளி கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார். ஒரு தொழிலாளிக்கு அதைவிடப் பெரிய மரியாதை என்ன வேண்டும்?

இப்போது மில் இல்லை. அந்த இடத்தில் பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு நிற்கிறது. உள்ளே போக வேண்டுமென்றால் காவலாளி பெயர் கேட்கிறான்.

அறுபத்து மூன்றாம் வயதில் ஒரு மாலை, பழைய தோழர் ஒருவர் விடாமல் இழுத்ததால் அவர் நாடகம் பார்க்கப் போனார். கிடைத்தது ஓரத்து நாற்காலி. அங்கிருந்து பார்த்தால் நடிகர்கள் பாதிதான் தெரிந்தார்கள். முழுசாகத் தெரிந்தது பக்கத் திரையின் மறைவில் நின்ற ஒரு பெண்.

அவள் முன்னால் நாடகப் பிரதி. பிரதியின்மேல் டார்ச்சின் சிறு வெளிச்சம். கையில் வாக்கி டாக்கி. அவள் உதடு லேசாக அசைந்தது. நாற்பது விளக்கும் அணைந்தன. மறுபடி அசைந்தது. மேடையில் பொழுது விடிந்தது.

நாடகம் முடிந்ததும் ராக்கியப்பன் நேராக அவளிடம் போனார்.

"இருபது வருசம் தொண்டை கிழியக் கத்தினேன் அம்மிணி. ஒரு பல்பு அணையல. நீ முணுமுணுத்தா ஊரே இருட்டாகுது. அந்த வித்தையை எனக்குச் சொல்லிக் குடு."

அவள் பெயர் ஃபிலோமினா. போத்தனூர் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். வயது நாற்பது. அந்த நாடகக் குழுவின் மேடை நிர்வாகி. திரை எப்போது விலகும், விளக்கு எப்போது அணையும், யார் எந்தப் பக்கம் நுழைவார் எல்லாம் அவள் சொல்வதுதான். நாடகம் தொடங்க மூன்று முறை மணி அடிப்பார்கள். மூன்றாம் மணி அவள் கையில். அது அடித்துவிட்டால் பிறகு யார் நினைத்தாலும் நிறுத்த முடியாது.

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"சனிக்கிழமை அஞ்சு மணிக்கு வாங்கய்யா."

சனிக்கிழமை போனார். அவள் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஒப்பனை அறை, விளக்குப் போடறவங்க, சாமான் மேசை. மூணு எடத்துலயும் 'பதினஞ்சு நிமிசம்'னு சொல்லிட்டு வாங்க" என்றாள்.

ராக்கியப்பன் எங்கும் போகவில்லை. அரங்கின் நடுவில் நின்றார். ஒரே ஒரு தடவை சொன்னார். மூன்று இடத்துக்கும் கேட்டது. வெளியே டீ ஆற்றிக்கொண்டிருந்தவருக்கும் கேட்டது.

"சொல்லியாச்சு."

"பதில்?"

"என்ன பதில்?"

"பதில் வாங்கிட்டு வாங்கய்யா."

அந்தக் குழுவில் ஒரு வழக்கம். 'பதினைந்து நிமிடம்' என்று மேடை நிர்வாகி சொன்னால், கேட்டவர் ஒவ்வொருவரும் 'பதினைந்து, நன்றி' என்று திருப்பிச் சொல்ல வேண்டும். 'அரிவாள் இன்று மேசைக்கு அடியில்' என்றால், 'மேசைக்கு அடியில், நன்றி.' சொன்னவர் அதைக் காதால் கேட்காமல் வாசலை விட்டு நகரக் கூடாது.

"இதென்ன பாலர் பள்ளியா?" என்றார் ராக்கியப்பன்.

"வேற நல்ல வழி இருந்தாச் சொல்லுங்க, மாத்திக்கலாம்."

அவரிடம் வேறு வழி இல்லை. மூன்று வாசலுக்கும் போனார். ஒப்பனை அறையில் ரங்கம்மா முகத்துக்கு மாவு பூசிக்கொண்டிருந்தாள். பகலில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. மாலையில் இந்த நாடகத்தின் நாயகி.

"பதினஞ்சு, நன்றி" என்றாள் அவள். "அப்படியே எங்க காலனிக்கு வந்து ஒரு வார்த்தை பேசறேன்னு சொல்லுங்க தோழரே, அதுக்கும் ஒரு நன்றி சொல்றேன். கையுறை கேட்டா சிரிக்கறாங்க. வேலை நிரந்தரம் கேட்டா நாளைலேர்ந்து வராதேங்கறாங்க. மாநகராட்சி ஆபீஸ் வாசல்ல போராட்டமா உக்காரலாம்னு இருக்கோம். எங்களுக்குப் பேசத்தான் ஆளில்ல."

"நான் யாரையும் கூப்பிடறதில்ல. கூப்பிட்டுப் பாத்தாச்சு."

அது என்ன கதை என்று ஊருக்கே தெரியும். மில்லில் ஆயிரத்து நானூறு பேர். மூன்று நாள் வாசல் கூட்டம் போட்டு வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார். விடியற்காலையில் வெளியே வந்து நின்றது பதினோரு பேர். மீதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டு அவரைத் தாண்டி உள்ளே போனார்கள். அன்றிலிருந்து அவர் மேடை ஏறவில்லை. மக்களைப் பற்றிக் கேட்டால் காறித் துப்புவதுபோல் ஒரு சிரிப்பு மட்டும் சிரிப்பார்.

இரண்டு மாதம் ஓடியது. ஒவ்வொரு நாடகத்துக்கும் வந்தார். பெட்டி தூக்கினார், வயர் சுற்றினார், வாசல் வாசலாக நின்றார். ஒவ்வொரு முறையும் கேட்டார்.

"மூணாம் மணியை என்னைக்கு எங்கிட்டக் குடுப்பே?"

"எல்லார்கிட்டயும் பதில் வாங்கிட்டீங்களா?"

"வாங்கிட்டேன்."

"சரி, தள்ளுங்க" என்று அவளே அடிப்பாள்.

பொள்ளாச்சியில் ஒரு நாடகம். அரங்கம் சின்னது. மூன்றாம் காட்சி முடிவில் விளக்கெல்லாம் அணையும். ரங்கம்மா ஆள் உயரப் பலகை மேடையிலிருந்து இருட்டிலேயே இறங்கி வர வேண்டும். எப்போதும் படிக்கட்டு வலப்பக்கம். இங்கே வலப்பக்கம் இடமில்லாததால் இடப்பக்கம் மாற்றினார்கள். மத்தியானமே எல்லாரையும் நடக்கவிட்டுப் பார்த்தாகிவிட்டது. ரங்கம்மா மட்டும் வேலை முடிந்து தாமதமாக வந்தாள். நடந்து பார்க்க நேரமில்லை.

"ரங்கம்மாகிட்டப் போய்ச் சொல்லுங்க. படிக்கட்டு இன்னைக்கு இடப்பக்கம். பதில் முக்கியங்க" என்றாள் ஃபிலோமினா.

ஒப்பனை அறைக்குள் நாலு பெண்கள். ராக்கியப்பன் வாசலில் நின்று, "பதினஞ்சு நிமிசம். படிக்கட்டு இடப்பக்கம்" என்றார். அதே நேரம் உள்ளே குபீரென்று ஒரு சிரிப்பு. ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து சிரித்தார்கள். பதில் வரவில்லை.

அவருக்குச் சுருக்கென்றது. முதலாளியைக் கண்ணாடி ஏற்றவைத்த குரல் அது. திரும்பி நடந்தார்.

"ஆச்சா?"

"ஆச்சு."

ஃபிலோமினா அவர் முகத்தை ஒரு நொடி பார்த்தாள். நேரம் வந்ததும் மூன்றாம் மணியை அடித்தாள்.

மூன்றாம் காட்சியில் விளக்கு அணைந்தது. ரங்கம்மா வலப்பக்கம் கால் வைத்தாள். அங்கே படி இல்லை.

பலகை அதிர்ந்த சத்தம் மட்டும் கேட்டது. விளக்கு வந்தபோது அவள் எழுந்து நின்றிருந்தாள். இடது கையைச் சேலைத் தலைப்புக்குள் அழுத்திக்கொண்டு கடைசி வசனம் வரை பேசினாள். அவள் முகத்தில் தெரிந்த வலியை நடிப்பென்று நினைத்து அரங்கமே கை தட்டியது.

மணிக்கட்டு எலும்பில் விரிசல். மாவுக்கட்டு. ஒரு மாதம் துடைப்பம் பிடிக்கக் கூடாது. துடைப்பம் பிடிக்காத நாளுக்கு ஒப்பந்தக்காரன் கூலி கொடுப்பதில்லை.

மறுநாள் காலை, அரங்கின் முற்றத்தில் ஃபிலோமினாவும் ராக்கியப்பனும் கறுப்புப் பக்கத் திரைகளை மடித்தார்கள். ஒவ்வொன்றும் இருபதடி நீளம். ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நடந்துவந்து சேர்க்க வேண்டும்.

"நான் சொன்னேன்" என்றார் ராக்கியப்பன்.

"சொன்னீங்க."

"அவங்க சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. சனங்களே இப்படித்தான் அம்மிணி. ஆயிரத்து நானூறு பேருக்குச் சொன்னேன். மூணு நாள் சொன்னேன். வந்து நின்னது பதினோரு பேர்."

"அந்தப் பதினோரு பேர் யாருங்க?"

"எங்க லைன் வீட்டு வரிசையில இருந்தவங்க. சின்னராசு, ஆரோக்கியம், பக்கத்து வீட்டுக் கருப்பாத்தாள், எல்லாம் அங்கதான்."

"அவங்க வருவாங்கன்னு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாம? கூட்டம் முடிஞ்சு வீட்டுக்குப் போற வழி. ஒவ்வொருத்தர் வாசல்லயும் நின்னு கேட்டேன். வர்றேன்னாங்க. வந்தாங்க."

"மத்தவங்க என்ன சொன்னாங்க?"

ராக்கியப்பன் திரையின் முனையைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

"கை தட்டினாங்க."

ஃபிலோமினா அவரிடம் நடந்துவந்து அந்த முனையையும் வாங்கிக்கொண்டாள். மிச்சத்தைத் தனியாகவே மடித்து முடித்தாள்.

"நேத்து உங்க முகத்தைப் பாத்தேன். ஏதோ சரியில்லன்னு பட்டுது. கேக்காம மணி அடிச்சுட்டேன். அது என் தப்புங்கய்யா" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த நாடகம் ஐந்து வாரம் கழித்து. ரங்கம்மா வந்தாள். மாவுக்கட்டு போய், துணிக்கட்டு இருந்தது. யாரிடமும் அதிகம் பேசவில்லை. அன்றும் தாமதம். அன்றும் படிக்கட்டு இடப்பக்கம்.

ராக்கியப்பன் ஒப்பனை அறை வாசலில் போய் நின்றார்.

"பதினஞ்சு நிமிசம். படிக்கட்டு இடப்பக்கம்."

மூன்று பெண்கள் பதில் சொன்னார்கள். ரங்கம்மா கண்ணாடியைப் பார்த்து மை தீட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் நின்றார்.

"அதுதான் எல்லாருக்கும் கேட்டுருச்சே தோழரே, போங்க" என்றாள் ஒருத்தி.

அவர் நின்றார். முதல் மணி அடித்தது. இரண்டாம் மணி அடித்தது. பதினைந்து நிமிடம் தாண்டியது. மூன்றாம் மணி அடிக்கவில்லை. அரங்கில் விசில் கிளம்பியது. இயக்குநர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஃபிலோமினாவிடம் ஓடினார்.

"முன் வரிசையில கட்சித் தலைவர் உக்காந்திருக்காருங்க! மணியை அடிங்க!"

தலைவரே நாற்பது நிமிடம் தாமதமாக வந்தவர்தான்.

"இன்னும் பதில் வரலீங்க" என்றாள் ஃபிலோமினா.

ஒப்பனை அறையில் ரங்கம்மா மைச்சிமிழை மூடினாள்.

"என்ன தோழரே, கால் வலிக்கலயா?"

"வலிக்குது."

"அன்னைக்கு மட்டும் ஏன் நிக்கல?"

ராக்கியப்பன் தொண்டையைச் செருமினார். ஆயிரம் பேர் முன்னால் தடுமாறாத நாக்கு நாலு பேர் முன்னால் தடுமாறியது.

"நீங்க சிரிச்சீங்க. என்னைப் பாத்துச் சிரிச்சீங்கன்னு நெனச்சுட்டேன்."

"உங்களைப் பாத்துத்தான் சிரிச்சோம்" என்றாள் மூலையில் இருந்தவள். "பதினஞ்சு நிமிசத்தையே புரட்சி வெடிச்ச மாதிரி சொல்றீங்களே!"

மூன்று பேரும் சிரித்தார்கள். ரங்கம்மாவும் சிரித்தாள். அவர் காது மடல் சூடானது. ஆனால் வாசலை விட்டு நகரவில்லை.

சிரித்து ஓய்ந்ததும் ரங்கம்மா முதல் முறையாக அவர் பக்கம் திரும்பினாள்.

"பதினஞ்சு. படிக்கட்டு இடப்பக்கம். நன்றி."

ராக்கியப்பன் பக்கத் திரைக்கு வந்தார். ஃபிலோமினா அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பதில்?"

"நாலு பேரும் சொன்னாங்க. ரங்கம்மா கடைசியாச் சொன்னா."

ஃபிலோமினா மணிக்கயிற்றிலிருந்து கையை எடுத்துக்கொண்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். அவர் அடித்தார். கிட்டப் பார்த்தால் அது அப்படியொன்றும் பெரிய மணி இல்லை. பழைய பள்ளிக்கூட மணிதான்.

மூன்றாம் காட்சியில் இருட்டியது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். இடப்பக்கம் ஒரு கால் மரப்படியில் பதிந்த ஓசை. பிறகு இன்னொரு கால்.

நாடகம் முடிந்து திரை மூடியதும் ரங்கம்மா வந்தாள்.

"அடுத்த வெள்ளிக்கிழமை உக்காரப் போறோம் தோழரே. மைக் செட்டுக்குக்கூடச் சொல்லிட்டோம். வருவீங்களா?"

தரையில் உட்கார்ந்து வயர் சுற்றிக்கொண்டிருந்த ஃபிலோமினாவிடம் திரும்பினார் ராக்கியப்பன்.

"இத்தனை வருசம் கழிச்சு நான் கூப்பிட்டா வருவாங்களா அம்மிணி?"

ஃபிலோமினா நிமிரவில்லை.

"ரங்கம்மா, உங்க காலனியில எத்தனை வாசல்?"

"நூத்தி நாப்பத்திரெண்டுங்கக்கா. தெருவுக்கு ரெண்டு பக்கமும்."

ஃபிலோமினா விரலை மடக்கி வெள்ளிக்கிழமை வரை நாட்களை எண்ணினாள். வயர்ச் சுருளை ராக்கியப்பன் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"வலப்பக்கம் நான் பாத்துக்கறேன். நீங்க இடப்பக்கம்."

"இடப்பக்கம்" என்றார் ராக்கியப்பன். "நன்றி."