சூசை வாங்கி வந்த சின்னப் பெட்டி

திண்டுக்கல்லில் கனகசபாபதி பேசினால் மூன்று தெருவுக்குக் கேட்கும். முப்பது வருஷமாகத் திருவிழாக்களுக்கு மைக்செட் கட்டுகிறவர். குழாய் ஸ்பீக்கரடியில் நின்று கத்திக் கத்திப் பழகிய தொண்டை. புது வீட்டில் எட்டு அறைக்கும் கூரையில் ஸ்பீக்கர் பதித்துவிட்டு, ஆம்ப்ளிஃபையர் வாங்கிவர ஒயர்மேன் சூசையை அனுப்பினார். மடித்த வேட்டி அளவுக்கு ஒரு பெட்டியோடு வந்தான் சூசை.

“ஆயிரம் வாட்ஸ் கேட்டா, பொம்மையா வாங்கியாந்திருக்கே?”

“வீட்டுக்குள்ள எட்டு ஸ்பீக்கருக்கு இது தாராளம் முதலாளி.”

“ஒரு அறையில கேட்கலேன்னாலும் நாளையிலேருந்து இந்த வீட்டு வேலைக்கு வேற ஆளு. போடு!”

சூசை பாட்டைப் போட்டான். கனகசபாபதி அறை அறையாக நடந்தார், கத்திக்கொண்டே.

“இங்க கேட்கலே! இங்கயும் கேட்கலே! வீட்டுக்குப் போடா!”

“முதலாளி, ஆயிரம் வாட்ஸ் ஒண்ணு ஏற்கெனவே ஓடிக்கிட்டிருக்கு. அதை ஒரு நிமிஷம் நிறுத்தினா இது கேட்கும்.”

“எதுடா அது?”

சூசை அவர் வாயையே பார்த்தான்.

கனகசபாபதிக்கு முகம் சிவந்தது. ஆனாலும் வாயை மூடினார். எட்டு அறையிலும் பாட்டு தெளிவாகக் கேட்டது. சமையலறையில் அதோடு இன்னொரு குரலும் சேர்ந்திருந்தது. அவர் மனைவி மரகதம் கூடவே பாடிக்கொண்டிருந்தாள்.

கனகசபாபதி சூசையின் காதருகே குனிந்தார். “இவ பாடுவாளா?”

“நீங்க கடைக்குக் கிளம்பினதும் தினம் பாடுவாங்க முதலாளி.”

கனகசபாபதி சமையலறைப் பக்கம் காதைத் திருப்பினார்.

“சூசை, அந்தப் பெட்டிச் சத்தத்தை இன்னும் கொஞ்சம் குறைப்பா.”