மூன்றாம் கிடங்கில் புகை

உரத் தொழிற்சாலையின் தெற்கு மதிலிலிருந்து நூற்றெண்பத்திரண்டு அடி தூரத்தில் ஓர் அங்கன்வாடி இருந்தது. மதில் முதலில் வந்தது. அதில் வேலை செய்கிறவர்களின் வீடுகள் பிறகு வந்தன. அதற்குப் பிறகு பிள்ளைகள் வந்தார்கள்.

அங்கே டீச்சராக இருந்தவர் நாச்சியார். வயது முப்பத்தொன்பது. வாரம் ஒரு முறை அவரிடம் பாடம் கேட்க ஒருவர் வருவார். பெயர் திருமேனி. வயது ஐம்பத்தேழு. தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி. அலுவலகத்தில் அவருக்குக் கீழே பதினான்கு பேர். இங்கே அவர் பாயில் உட்காருவார்.

ஆறு வருஷத்துக்கு முன்பு முதல் தடவை வந்தபோது அவர் பாடம் கேட்க வரவில்லை. தொழிற்சாலைச் சங்கு மூன்று முறை விட்டு விட்டு ஊதினால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போக வந்தார்.

“இருபத்து மூணு பிள்ளைங்க சார். என் கை ரெண்டு, ஆயா கை ரெண்டு. யார் யாரைத் தூக்கணும்னு சொல்லிட்டுப் போங்க” என்றார் நாச்சியார்.

திருமேனி கையிலிருந்த பாதுகாப்பு விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அதில் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி வந்தார்.

“பதில் தெரியலை டீச்சர்.”

“அதைச் சொல்லவா இந்த வெயில்ல வந்தீங்க? உட்காருங்க.”

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் வந்தார். ஒரு கேள்வி கேட்பார். சில வாரம் பதில் கிடைக்கும். சில வாரம் கொண்டைக்கடலை மட்டும் கிடைக்கும்.

இந்த வாரம் அவர் வியாழக்கிழமையே வந்துவிட்டார். மணி ஒன்று நாற்பது. பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கரண்ட் இல்லை. நாச்சியார் பனையோலை விசிறியோடு அவர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஆயா பேச்சி நிமிர்ந்து பார்த்தாள்.

“என்ன சார், வெள்ளிக்கிழமைதானே சாமியாராவீங்க? இந்த வாரம் ஒருநாள் முந்திட்டீங்களே.”

“மெதுவாப் பேசு பேச்சி” என்றார் நாச்சியார்.

திருமேனி சிரிக்கவில்லை. துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்தார். அவருக்கு இடது முழங்கால் மடங்காது.

“ஒரு கேள்வி டீச்சர்.”

“கேளுங்க.”

“நடக்காத ஒண்ணை எப்படி எழுதுறது?”

“எது நடக்கலை?”

“நேத்து மத்தியானம் ரெண்டே கால். மூணாம் கிடங்கு. கூரைத் தகட்டுக்கு வெல்டிங் நடந்துச்சு. பொறி கீழே விழுந்துச்சு. கீழே எண்ணெய் துடைச்ச சாக்குங்க கிடந்துச்சு. அதுல புகை.”

“சாக்குக்குப் பக்கத்துல என்ன?”

“அம்மோனியம் நைட்ரேட். வயலுக்குப் போடுற வெள்ளைக் குருணைதான் டீச்சர். சும்மா கிடந்தா சாது. எண்ணெயோட கலந்து, நெருக்கமாக் கிடந்து, சூடும் ஏறிட்டா சாது இல்லை.”

“எவ்வளவு கிடந்துச்சு?”

“முந்நூத்திப் பத்து டன்.”

“எனக்கு டன் தெரியாது சார். அடியிலே சொல்லுங்க.”

திருமேனி ஜன்னல் வழியாக மதிலைப் பார்த்தார். பிறகு அங்கன்வாடியின் ஓட்டுக் கூரையைப் பார்த்தார்.

“வெடிச்சா இங்க வரைக்கும்” என்றார்.

“இதுக்கு அப்பால?”

“சந்தை வரைக்கும்.”

நாச்சியார் விசிறுவதை நிறுத்தவில்லை.

“யார் அணைச்சா?”

“எஸ்தர். மூட்டைக்கு வாய் தைக்கிற பொண்ணு. புகையைப் பாத்ததும் ஓடிப்போய் சாக்கை வெறுங்கையால வெளியே இழுத்துப் போட்டிருக்கா. குடிக்கிற தண்ணி டிரம்மைச் சாய்ச்சு விட்டிருக்கா. ரெண்டு விரல்ல கொப்புளம். தேங்காயெண்ணெய் தடவிக்கிட்டு மறுபடி தைக்க உக்காந்துட்டா.”

“நல்ல பொண்ணு. எழுதிட வேண்டியதுதானே?”

திருமேனி பையைத் தடவினார். பைக்குள் விபத்துப் பதிவேடு இருந்தது. மூன்று மணிக்குள் அது மேலாளர் மேசைக்குப் போக வேண்டும்.

“வாசல்ல ஒரு போர்டு இருக்கு டீச்சர். விபத்து இல்லாத நாட்கள்னு. தினமும் காலையிலே ஒண்ணு கூட்டுவோம். இன்னிக்கு ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு. இன்னும் பதிமூணு நாள்ல மூவாயிரம். விருந்து இருக்கு. எழுதினா நாளைக்கு போர்டுல சைபர். மேலாளர் சொல்றார், அது தீ இல்லய்யா, புகைதான், புகைக்கெல்லாம் போர்டு இறங்காதுன்னு.”

“எஸ்தர் என்ன சொல்றா?”

“காலையிலே போய்க் கேட்டேன். எழுதிடாதீங்க சார்னு கையைப் பிடிச்சுக்கிட்டா. விருந்துக்குன்னு எழுபத்தாறு பொம்பளைங்க ஒரே கலர்ல சேலை எடுத்திருக்காங்களாம். போர்டு இறங்கினா அத்தனை பேரும் அவளைத்தான் ஏசுவாங்களாம்.”

“என்ன கலர்?”

“மாம்பழக் கலர்.”

“அவளுக்கு நல்லாருக்கும்” என்றார் நாச்சியார்.

வாசலில் பேச்சி பாத்திரத்தைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. ஒரு பிள்ளை புரண்டு படுத்தது. இருவரும் அது அடங்கும்வரை பேசவில்லை.

“எழுதினா என்ன ஆகும்?”

“மூணாம் கிடங்கைக் காலி பண்ணிட்டுத்தான் கூரையைத் தொடணும். அதுதான் விதி.”

“எழுதாட்டி?”

“திங்கக்கிழமை மிச்ச வெல்டிங் நடக்கும். ஒண்ணும் ஆகலியே, எதுக்குக் காலி பண்ணணும்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது?”

நாச்சியார் எழுந்து அலமாரியைத் திறந்தார். ஒரு நோட்டை எடுத்து, ஒரு பக்கத்தைத் தேடி, அவர் கையில் கொடுத்தார். அவருடைய கையெழுத்து சிறியது, ஒவ்வொரு எழுத்தும் தனியாக நிற்கும். திருமேனி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

‘இன்று சாம்பாரில் பல்லி கிடந்தது. பரிமாறுவதற்கு முன் பேச்சி பார்த்தாள். கொட்டிவிட்டோம். வந்த பிள்ளைகள் பத்தொன்பது. ஒருவரும் அதைச் சாப்பிடவில்லை. சோறும் முட்டையும் கொடுத்தோம்.’

“இதை நீங்களே எழுதினீங்களா?”

“ஆமா.”

“மேலிடத்துல என்ன சொன்னாங்க?”

“யாரும் சாப்பிடலியே, ஏம்மா எழுதினேன்னு கேட்டாங்க.”

“நீங்க?”

“யாரும் சாப்பிடலைன்னுதாம்மா எழுதியிருக்கேன்னு சொன்னேன். மெமோ குடுத்துட்டாங்க.”

“அவ்வளவுதானா?”

“இல்லை. பாத்திரத்துக்கு மூடி வந்துச்சு.”

“உடனேயா?”

“மெமோ மறுநாளே வந்துச்சு. மூடி வரப் பதினோரு மாசம் ஆச்சு.”

வாசலிலிருந்து பேச்சி சொன்னாள்: “அந்த மூடியும் பாத்திரத்துல உக்காரலை சார். நான்தான் கல்லை வச்சுத் தட்டிச் சரிபண்ணேன்.”

திருமேனியின் உதடு லேசாக அசைந்தது. உடனே அடங்கிவிட்டது. நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

“உங்களுது பல்லி டீச்சர். பல்லி விழுந்ததுக்கு நீங்க பொறுப்பில்லை.”

நாச்சியார் அவரைப் பார்த்தார்.

“வெல்டிங்குக்கு அனுமதிச் சீட்டு வேணுமில்ல சார்?”

“வேணும்.”

“இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“யார் கையெழுத்து?”

“என்னுது.”

“போய்ப் பாத்தீங்களா?”

திருமேனி கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியால் துடைக்கப்போய், பேன்ட் போட்டிருப்பது நினைவுக்கு வந்து, சட்டையால் துடைத்தார்.

“போகணும். போய் மேலேயும் பாக்கணும், கீழேயும் பாக்கணும். எரியக்கூடியது எது கிடந்தாலும் அள்ளிப் போடச் சொல்லிட்டு அங்க நின்னு கையெழுத்துப் போடணும். முன்னாடி அப்படித்தான் செஞ்சேன். மூணாம் கிடங்கு என் அறையிலேருந்து ஆயிரத்து நூறு தப்படி. இந்தக் காலை இழுத்துக்கிட்டு நான் போய்ச் சேர்ற வரைக்கும் வெல்டர் சும்மா உக்காந்திருப்பான். அதனால காலையிலேயே பத்துச் சீட்டுல கையெழுத்துப் போட்டு மேசை டிராயர்ல வச்சிடுவேன். வேணுங்கிறவன் எடுத்துக்குவான்.”

“எவ்வளவு நாளா?”

“மூணு வருஷமா.”

“பத்துப் பத்தா?”

“பத்துப் பத்தா.”

“இதுவரைக்கும்?”

“ஒண்ணும் ஆகலை. அதுதான் டீச்சர். ஒரு தடவைகூட ஒண்ணும் ஆகலை. ஆகலை ஆகலைன்னு ஒவ்வொரு நாளும் எனக்குத் தைரியம் கூடிக்கிட்டே போச்சு. நேத்து எஸ்தர் மட்டும் நிமிர்ந்து பாக்காம தைச்சுக்கிட்டே இருந்திருந்தா…”

அவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார்.

“எனக்கு ரிட்டயராக நாலு மாசம் இருக்கு. முப்பத்தோரு வருஷ வேலை. இதை எழுதினா காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல இந்தச் சீட்டை எழுதணும். எழுதினா மாலையோட அனுப்ப மாட்டாங்க.”

நாச்சியார் விசிறியை அவரிடம் நீட்டினார்.

“என் கை வலிக்குது. கொஞ்சம் வீசுங்க. வீசிக்கிட்டே எத்தனை பேர்னு எண்ணுங்க.”

“எதுக்கு?”

“தூங்கி எந்திரிக்கிறதுக்குள்ள ஒரு தடவை எண்ணி நோட்டுல எழுதணும். தினமும் உள்ளதுதான்.”

திருமேனி வீசினார். பிள்ளைகள் இரண்டு வரிசையாகப் படுத்திருந்தார்கள். ஒருவன் அடுத்தவன் சட்டைப் பொத்தானைப் பிடித்தபடி தூங்கினான். ஒருத்தியின் வாயில் முட்டைத் துணுக்கு ஒட்டியிருந்தது. எண்ணிக்கொண்டே போனவர் பாதியில் விட்டுவிட்டார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

“இருபது” என்றார்.

“இருபத்தொண்ணு.”

மறுபடி எண்ணினார். விரல் நீட்டி, ஒவ்வொரு தலையாக எண்ணினார்.

“இருபதுதான் டீச்சர்.”

“உங்க காலைப் பாருங்க.”

திருமேனி குனிந்து பார்த்தார். நீட்டியிருந்த இடது பாதத்தின் மேல் ஒரு தலை இருந்தது. எப்போது உருண்டு வந்ததோ தெரியவில்லை. ரெட்டைச் சடை. வாய் திறந்திருந்தது. மூச்சு அவர் கணுக்காலில் பட்டுக்கொண்டிருந்தது. மரத்துப்போன கால் என்பதால் அவருக்கு அது தெரியவே இல்லை.

“யாரு இது?”

“செவ்வந்தி. எஸ்தரோட அண்ணன் மக. போன வாரம்தான் மூணு வயசு முடிஞ்சுது.”

திருமேனி விசிறியை அந்தப் பக்கம் திருப்பினார்.

இரண்டு மணிச் சங்கு ஊதியது. மதிலுக்கு அந்தப் பக்கம் காலை ஷிப்ட் ஆட்கள் வெளியே வருகிற சத்தமும் மதிய ஷிப்ட் ஆட்கள் உள்ளே போகிற சத்தமும் கேட்டன. பிள்ளைகள் ஒருவரும் அசையவில்லை. அந்தச் சங்கு அவர்களுக்குத் தாலாட்டுப் போலப் பழகியிருந்தது.

“நான் கிளம்பணும்” என்றார் திருமேனி.

“கிளம்புங்க.”

காலை எடுக்கப் பார்த்தார். செவ்வந்தி முனகினாள். காலை அப்படியே வைத்துவிட்டார்.

“நேத்து இந்நேரம் இப்படித்தான் தூங்கினாங்களா?”

நாச்சியார் நோட்டைத் திருப்பிப் பார்த்தார். நினைவிலிருந்து சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

“நேத்து இருபத்திரண்டு பேர். மூணு மணிக்கு எந்திரிச்சாங்க. இருபத்திரண்டு பேரும்.”

திருமேனி விசிறியைக் கீழே வைத்தார். பையிலிருந்து பதிவேட்டை எடுத்துத் தொடைமேல் வைத்துப் பிரித்தார். பேனாவைத் திறந்தார். தேதி எழுதினார். நேரம் எழுதினார். இடம் எழுதினார். கண்டவர், அணைத்தவர் என்ற கட்டத்தில் எஸ்தர் பெயரை முழுதாக, தகப்பன் பெயரோடு எழுதினார். காயம் என்ற கட்டத்தில் இரண்டு விரல் என்று எழுதினார்.

காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.

நாச்சியார் விசிறியை எடுத்து வீசத் தொடங்கினார்.

“டீச்சர்.”

“சொல்லுங்க.”

“சைபர்லேருந்து ஆரம்பிச்சு மறுபடி மூவாயிரம் வரணும்னா எட்டு வருஷம் ரெண்டு மாசம் ஆகும். எழுபத்தாறு பேர் என்னைத் திட்டுவாங்க. அந்த நாளைப் பாக்க நான் அங்க இருக்கப் போறதில்லை.”

நாச்சியார் அவர் காலடியைப் பார்த்தார். செவ்வந்தியின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒரு விரலால் ஒதுக்கிவிட்டார்.

“இவளுக்கு அன்னிக்கு வயசு பதினொண்ணு” என்றார்.