தொப்பி ஓட்டுக்காரி எந்தக் கூட்டம்?

கடலில் இருப்பவை எல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், குமரிமுனைப் பாறைகளில் ஒரு வழக்கம் இருந்தது. ஆடி அலை வருவதற்கு முன்னால் பெரிய நண்டு எல்லோருக்கும் ஒதுங்க இடம் பிரித்துக் கொடுக்கும். அது ஓட்டை மட்டும்தான் பார்க்கும். இரண்டு ஓடு என்றால் சிப்பிக் கூட்டம், பாறையின் வடக்கு வெடிப்பு. சுருண்ட ஓடு என்றால் நத்தைக் கூட்டம், தெற்கு வெடிப்பு. யாரையும் புரட்டிப் பார்ப்பது மரியாதை இல்லையாம். நடப்பதே பக்கவாட்டில், பார்வை மட்டும் நேராக இருந்துவிடுமா என்ன.

அந்த வருஷம் தொப்பிபோல் ஒற்றை ஓட்டோடு ஒருத்தி வந்து நின்றாள். இரண்டாவது ஓடு இல்லை என்று சிப்பிகள் கையை விரித்தன. சுருள் இல்லாதவள் எங்களுக்கு எப்படி உறவாவாள் என்று நத்தைக் கூட்டத்துப் பெரியவள் வெண்சங்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெடிப்பில் இடம் இல்லையென்றால் அலை அடித்துக்கொண்டு போய்விடும். தொப்பிக்காரி யாருக்கும் வேண்டாத மொட்டைப் பாறையில் உட்கார்ந்து, ஓட்டின் விளிம்பைத் தேய்த்துத் தேய்த்து, தன் அளவுக்கு ஒரு வட்டப் பள்ளம் குடைந்துகொண்டாள்.

ஆடி அலை வந்தது. வெண்சங்கு பிடி நழுவி, வெடிப்பிலிருந்து மொட்டைப் பாறைக்கு உருண்டு வந்தாள். ஓட்டைத் தூக்கினால் அலை தன்னையும் புரட்டிவிடும் என்று தொப்பிக்காரிக்குத் தெரியும். இருந்தும் தூக்கினாள்.

“அக்கா, கீழ பள்ளம் இருக்கு. காலை உள்ள விட்டுப் புடிச்சுக்கிடுங்க.”

காலை நுழைத்துப் பள்ளத்தைப் பற்றிய வெண்சங்கு அப்போதுதான் ஓட்டுக்குள் பார்த்தாள். தன்னுடையதைப் போலவே ஒற்றைக் கால். தலையில் அதே இரண்டு கொம்பு. அரம்போல் சொரசொரப்பான அதே நாக்கு.

அலை ஓய்ந்ததும் வெண்சங்கு நண்டைக் கூப்பிட்டாள்.

“ஓட்டப் பாத்துச் சொன்னது தப்பு அண்ணாச்சி. நானும் தப்புப் பண்ணிட்டேன். இவ எங்க வீட்டுப் பொண்ணு.”

தெற்கு வெடிப்பில் நல்ல இடமாகத் தருவதாக நண்டு சொன்னது. தொப்பிக்காரி சிரித்தாள்.

“உறவு கெடைச்சதே போதும். எடம் நானே தேய்ச்சு வச்சிருக்கேன்.”

அன்று முதல்தான் தொப்பி நத்தை எங்கே மேயப் போனாலும் தன் வட்டத்துக்கே திரும்பி வந்து ஒட்டிக்கொள்கிறது. கடல் பிராணிகளை இனம் பிரிப்பவர்களும் ஓட்டைப் பார்த்த உடனே முடிவு சொல்வதில்லை. புரட்டி, நாக்கையும் பார்த்த பிறகுதான் யாருக்கு யார் உறவு என்கிறார்கள்.