முள்ளி தோண்டிய ஊற்று

மூன்று ஆண்டுகளாக மழை எட்டிப் பார்க்காத ஒரு காட்டில் முள்ளி என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தது.

அந்தக் காட்டை ஆண்டது ஒரு புலி. அதன் சட்டம் ஒன்றே ஒன்றுதான். அரசனுக்கு வேலை செய்கிற விலங்கை அரசன் அடித்துத் தின்னமாட்டான். வேலை இல்லாத விலங்குக்கு அந்தக் காவல் கிடையாது. ஆகவே, குழந்தைகளே, அங்கே ஒரு விலங்குக்கு வேலை போனால் உயிரும் போனது போலத்தான்.

கடமான் குளத்துக்குக் காவல் நின்றது. மயில் குகை வாசலைப் பெருக்கியது. முள்ளிக்குக் கிடைத்தது முள் பொறுக்கும் வேலை. குகையிலிருந்து குளம் வரைக்கும் புலி நடந்து போகிற பாதையில் ஒரு முள்கூடக் கிடக்கக் கூடாது. விடிந்ததும் குனிந்தால் உச்சிவெயில் வரும்வரை நிமிர முடியாது.

அதே பாதையில் சருகு அள்ளியது ஒரு முயல். தவிட்டு நிறம் என்பதால் அதைத் தவிட்டான் என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். யார் என்ன சொன்னாலும் நம்பிவிடுகிற சாது அது.

உச்சிப்பொழுதோடு வேலை முடிந்துவிடும். மற்ற விலங்குகள் நிழல் தேடிப் படுத்துக்கொள்ளும். முள்ளி மட்டும் வறண்டு கிடந்த ஆற்றுக்குப் போகும்.

ஒரு நாள் அங்கே கிழங்கு தேடித் தோண்டியபோது, கொதிக்கிற மணலுக்கு அடியில் ஒரு முழ ஆழத்தில் மண் சில்லென்று இருந்தது. இந்தக் குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது? அந்தக் கேள்வி முள்ளியை விடவில்லை. அன்றிலிருந்து தினமும் தோண்டியது. ஒரு குழியில் புழுதிதான் வந்தது. இன்னொன்றில் பாறை இடித்து நகம் பெயர்ந்தது. ஏழாவது குழியில் களிமண் தட்டுப்பட்டது. அதையே ஒன்பது நாள் கீழே கீழே தோண்டிக் களைத்துப்போனது. பிறகுதான் எறும்புகள் பக்கவாட்டிலிருந்து ஈரமண்ணைச் சுமந்து வருவதைப் பார்த்தது. இப்படி ஒவ்வொரு குழியும் ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொடுத்தது.

"அக்கா, யார் சொல்லி இதைச் செய்கிறாய்?" என்று தவிட்டான் கேட்டது.

"யாரும் சொல்லவில்லை."

"பிறகு எதற்கு?"

"எனக்கே தெரியவில்லையடா. தோண்டாமல் இருந்தால் கை துறுதுறு என்கிறது."

பாதை வேலைக்கு மேற்பார்வையாக ஒரு நரி இருந்தது. பொறாமை பிடித்த நரி. அது நேரே புலியிடம் போனது.

"அரசே, உங்கள் நிழலில் பிழைக்கிற முள்ளி ஆற்றில் மண்ணைக் கிளறிக்கொண்டு திரிகிறது."

"என் பாதையில் முள் கிடக்கிறதா?"

"இல்லை, அரசே."

"உச்சிப்பொழுதுக்கு முன்னால் அது வேலையை விட்டுப் போகிறதா?"

"அதுவும் இல்லை..."

"பிறகு எதற்கு என்னை எழுப்பினாய்?"

அவமானப்பட்டுத் திரும்பிய நரி, குரங்குக் கூட்டத்தை ஆற்றங்கரைக்குக் கூட்டி வந்தது. "பாருங்கள், பாருங்கள்! பாதாள லோகத்துக்கு வழி வெட்டுகிறாள் நம் முள்ளி!" குரங்குகள் கிளைகளில் உருண்டு உருண்டு சிரித்தன. முள்ளி தலையைக் குழிக்குள் நுழைத்துக்கொண்டது. பசியைத் தாங்கும், வெயிலைத் தாங்கும், சிரிப்பை மட்டும் அதனால் தாங்க முடியாது.

நான்காவது கோடையும் வந்தது. குளம் சேறாகி, சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்தது. கடமான் அந்த வெடிப்புகளின் நடுவே காவல் நின்றுகொண்டே இருந்தது. புலி வந்து பார்த்தது.

"குளம் எங்கே?"

கடமான் தலை குனிந்தது.

"குளம் இல்லை. அப்புறம் காவல் எதற்கு?"

அன்று மாலை குளக்கரையில் கொம்புகள் மட்டும் கிடந்தன.

மறுநாள் உச்சி சாய்ந்தபின் முள்ளி ஆற்று வளைவில் ஒரு மருதமரத்தடியில் தோண்டிக்கொண்டிருந்தது. கைக்கு வந்த மணலைப் பிடித்துப் பார்த்தது. மணல் உருண்டையாக நின்றது. தவிட்டானைக் கூப்பிட்டுக் காட்டியது. தவிட்டான் அந்த மணலை நாக்கில் வைத்துப் பார்த்தது.

"அக்கா, ஈரம்! உடனே அரசரிடம் போய்ச் சொல்."

"ஈரம்தான். தண்ணீர் இல்லையே. சொன்ன பிறகு தண்ணீர் வராவிட்டால்? இந்த நரி காட்டையே கூட்டி வைத்துச் சிரிக்கும்."

"குளம் வற்றிவிட்டது அக்கா. இனி நம் பாதையில் யார் நடக்கப்போகிறார்கள்?"

"இன்னும் இரண்டு நாள் பொறு. கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்வோம்."

"நீ சொன்னால் சரி" என்றது தவிட்டான்.

அந்த இரண்டு நாள் கிடைக்கவில்லை. விடிந்ததும் நரி வந்து நின்றது. "இருவரையும் அரசர் கூப்பிடுகிறார்."

குகை வாசலில் புலி படுத்திருந்தது. விலா எலும்புகள் தெரிந்தன. நாக்கு வெளியே தொங்கியது.

"என் பாதை எங்கே போகிறது?" என்று புலி கேட்டது.

முன்னால் நின்ற தவிட்டான் பதில் சொன்னது. "குளத்துக்கு, அரசே."

"எந்தக் குளத்துக்கு?"

தவிட்டான் திரும்பி முள்ளியைப் பார்த்தது. முள்ளி வாயைத் திறந்தது. பக்கத்தில் நரி இளித்துக்கொண்டு நின்றது. முள்ளி வாயை மூடிக்கொண்டது. ஒரு நொடிதான். அதற்குள் புலியின் கை இறங்கிவிட்டது.

தரையில் கொஞ்சம் தவிட்டு நிற ரோமம் காற்றில் நகர்ந்தது.

"அடுத்தது" என்றது நரி.

"அரசே, தண்ணீர் இருக்கிற இடம் எனக்குத் தெரியும்!"

முள்ளிக்குத் தன் குரலே அடையாளம் தெரியவில்லை. நரி கெக்கலித்துச் சிரித்தது. புலி சிரிக்கவில்லை.

"எங்கே?"

"ஆற்று வளைவில், மருதமரத்தடியில். பாதி தோண்டியாயிற்று."

"பொழுது சாய்வதற்குள் நான் குடித்தாக வேண்டும். தண்ணீர் வராவிட்டால் உன் இரத்தத்தைக் குடிப்பேன்."

முள்ளி குழிக்குள் இறங்கியது. புலி ஒரு கரையில் உட்கார்ந்தது. மறுகரையில் நின்று நரி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது.

"மணல்தான் அரசே... இன்னும் மணல்தான்... இப்போது களிமண் அரசே! ஆட்டம் முடிந்தது."

புலி எழுந்து நின்றது. அதன் நிழல் குழிக்குள் விழுந்தது.

முள்ளி களிமண்ணை விட்டுவிட்டது. மருதவேர் போகிற பக்கமாகத் திரும்பிக் குடைந்தது. கல் உரசி முட்கள் ஒடிந்தன. நகக்கண்களில் இரத்தம் கசிந்தது. வலி தெரியவில்லை. அள்ளுகிற மண்ணெல்லாம் தவிட்டு நிறமாகவே அதன் கண்ணுக்குத் தெரிந்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் இன்னும் வேகமாக அள்ளி வெளியே எறிந்தது.

கை கனத்தது. மணல் நனைந்திருந்தது. அடுத்த கை அள்ளியபோது வேரின் அடியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு மெல்லிய நூலாகத் தண்ணீர் இறங்கி, பள்ளத்தில் கலங்கித் தேங்கியது.

புலி இறங்கிக் குடித்தது. நெடுநேரம் குடித்தது. தலை தூக்கியபோது சூரியன் மலையைத் தொட்டிருந்தது.

"இதுபோல் இன்னும் இடங்கள் உண்டா?"

"உண்டு, அரசே."

"எங்கெங்கே? எல்லாவற்றையும் இப்போதே சொல்."

சொல்லி முடித்தால் தன்னால் ஒரு பயனும் இருக்காது என்று முள்ளிக்குத் தெரியும். "சொன்னால் புரியாது, அரசே. நான் மோந்து பார்த்து ஒவ்வொன்றாகத்தான் காட்ட வேண்டும். தோண்டுவதற்கு ஆட்கள் வேண்டும். இந்தக் காட்டில் கையும் காலும் இருக்கிற அத்தனை பேரும் வேண்டும். எல்லோரும் உங்கள் வேலையில் இருப்பார்கள்."

புலி அதை உற்றுப் பார்த்தது. என் சட்டத்தாலேயே என் வாயைக் கட்டுகிறது இந்த முள்ளம்பன்றி என்று அதற்குப் புரிந்தது. ஆனால் பசியைவிடத் தாகம் பெரியதாக இருந்தது.

"இன்றிலிருந்து நீதான் நீர் அமைச்சர். ஆட்களை நீயே எடுத்துக்கொள். ஊற்று சுரக்கிறவரை வேறு காட்டில் இரை தேடிக்கொள்கிறேன். சுரப்பு நின்றால் முதல் இரை நீ."

மறுநாள் காலை விலங்குகள் ஆற்றில் வந்து கூடின. மயில் வந்தது, குரங்குகள் வந்தன, கீரிகள் வந்தன. முள் பொறுக்கிய முள்ளியை வணங்கிவிட்டு, அது காட்டிய இடத்தில் மண் அள்ளின. எல்லோருக்கும் கடைசியாக, வாலை இடுக்கிக்கொண்டு நரி வந்தது.

"அமைச்சரம்மா, பாதை வேலை போய்விட்டது. என்னையும் சேர்த்துக்கொண்டால்..."

முள்ளி நிமிர்ந்து பார்க்கவில்லை. "அந்தப் பக்கம் அள்ளு."

நரி அள்ளியது. பழக்கமில்லாத கை சீக்கிரமே கொப்பளித்தது. மூச்சு வாங்கிக்கொண்டே அது கேட்டது.

"மருதமரத்தடியில் ஈரம் கண்டது என்றைக்கு, அம்மா?"

"முந்தாநாள்."

"முந்தாநாளேவா? அன்றைக்கே ஏன் அரசரிடம் சொல்லவில்லை?"

கேலிக்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டது. முள்ளி தோண்டுவதை நிறுத்தியது.

"நீ சிரிப்பாய் என்று" என்றது.

முள்ளி குனிந்து மறுபடியும் மண்ணை அள்ளத் தொடங்கியது.

நீதி: வேலை நேரம் போக, விரும்பிக் கற்ற தொழில் ஒருவரை உயர்த்தும், சிரிப்புக்கு அஞ்சி அதை மறைத்து வைத்தால் அதனால் வரும் இழப்புக்கும் அவரே பொறுப்பு.