முப்பத்தோராம் நாள்

இந்தப் புதிருக்கு விடை சொல்பவர்களுக்குப் பரிசு எதுவும் கிடையாது. பரிசுகளையெல்லாம் கதையில் வருகிறவர்களே வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

தென்மாவட்டத்துப் பெரிய மருத்துவமனை ஒன்றில் டாக்டர் வைரவநாதன் என்று ஓர் இதய அறுவை நிபுணர் இருந்தார். நெஞ்செலும்பைப் பிளக்காமல், விலா இடுக்கில் மூன்று துளை போட்டு வால்வை மாற்றும் புது முறையை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். நாற்பது நோயாளிகளுக்குச் செய்து பார்த்து, முடிவை வெளிநாட்டு மாநாட்டில் வாசிக்க வேண்டும் என்பது திட்டம். இத்தகைய ஆராய்ச்சியில் ஒரு வழக்கம் உண்டு. அறுவை முடிந்து முப்பது நாளுக்குள் நோயாளி இறந்தால் அது அறுவையால் வந்த சாவு என்று எழுத வேண்டும். முப்பத்தோராம் நாள் இறந்தால் அந்தக் கட்டத்தில் எழுத வேண்டியதில்லை. முப்பதாம் நாள் வரை டாக்டர் பொறுப்பு, அதற்குப் பிறகு கடவுள் பொறுப்பு. கடவுளுக்குக் கட்டுரை வாசிக்கும் கவலை இல்லை அல்லவா.

முப்பத்தொன்பது பேர் பிழைத்துவிட்டார்கள். நாற்பதாவது ஆள் மரியசூசை, உப்பளத்தில் எடை போடுகிறவர். அவருக்கும் அறுவை நன்றாகத்தான் நடந்தது. இரண்டு வாரம் கழித்து நுரையீரலில் கிருமி புகுந்தது. ரத்தத்தை வெளியே எடுத்து, பிராணவாயு ஏற்றி, உடம்புக்குத் திருப்பி அனுப்பும் எக்மோ இயந்திரத்தில் அவரைப் போட்டார்கள். இருபத்துநாலாம் நாள் மூளைக்குள் ரத்தம் கசிந்தது. இனி எழுந்திருக்க மாட்டார் என்று நரம்பியல் டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை டாக்டர் அறையில் ஒரு கூட்டம் நடந்தது. ஆராய்ச்சியின் புள்ளிவிவரங்களைப் பார்த்துக்கொள்ளும் தயாநிதி, இந்த ஒருவர் இப்போது போய்விட்டால் கட்டுரையில் பூஜ்யம் நிற்காது என்றார். அவர் நாலாம் மாடியில் உட்கார்ந்திருப்பவர், நோயாளி முகத்தைப் பார்த்ததே இல்லை. அவருக்கு மரியசூசை என்று ஒருவர் கிடையாது, நாற்பது என்று ஓர் எண்தான் உண்டு. முப்பது நாள் தாண்டும்வரை இயந்திரம் ஓடட்டும் என்றார் வைரவநாதன். டாக்டரிடம் பயிற்சியில் இருந்த ஹசீனா எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். கட்டுரையில் இரண்டாவது பெயர் அவளுடையது.

கூட்டம் முடிந்து வைரவநாதனும் ஹசீனாவும் வெளியே வந்தபோது மரியசூசையின் மனைவி பிரகாசி வராந்தாவில் காத்திருந்தாள். நரம்பியல் டாக்டர் சொன்னதை அவளிடமும் சொல்லியிருந்தார்கள். அவள் அழுது முடித்து, ஒரு முடிவோடு நின்றாள்.

"போதும் சார். அவியள வீட்டுக்குக் கொண்டு போயிருதோம். சாமியாரு வந்து எண்ணெய் பூசட்டும். எங்க வீட்டுல வச்சுப் போகட்டும்."

சாகப்போகிறவருக்குப் பாதிரியார் வந்து எண்ணெய் பூசிச் செபிக்கும் கடைசிச் சடங்கைத்தான் அவள் சொன்னாள். அது இல்லாமல் போகக் கூடாது என்பதில் அவர்கள் வீட்டில் அப்படியொரு பிடிவாதம்.

"இன்னும் ஆறு நாள் பொறுங்கம்மா," என்றார் வைரவநாதன். சொல்லிக்கொண்டே லிஃப்டுக்குள் போய்விட்டார். அந்த ஆறு நாளைக் கேட்டு அந்தப் பெண்ணின் முகம் என்ன ஆனது என்று அவர் பார்க்கவில்லை. பார்க்கும் பழக்கமும் அவருக்கு இல்லை.

பிரகாசி ஹசீனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, ஆறு நாள்ல முழிச்சிருவாவளா?"

"பெரிய டாக்டர் காரணம் இல்லாம சொல்ல மாட்டாரும்மா. தைரியமா இருங்க," என்றாள் ஹசீனா. மிகவும் கனிவாகச் சொன்னாள்.

இருபத்தெட்டாம் நாள் பாதிரியார் இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தார். பிரகாசி அவரை வாசலிலேயே நிறுத்தி, பிழைக்கப் போகிற மனுஷனுக்கு இப்போது எண்ணெய் எதற்கு என்று திருப்பி அனுப்பிவிட்டாள். முப்பத்தோராம் நாள் காலை வைரவநாதன் அவளைக் கூப்பிட்டு, எவ்வளவோ முயன்றோம், இனிப் பயனில்லை என்றார். உடனே இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். பாதிரியாருக்குச் சொல்லியனுப்ப நேரம் இருக்கவில்லை. மரியசூசை சடங்கு இல்லாமல் போய்ச் சேர்ந்தார்.

முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் பூஜ்யம் என்று கட்டுரை வெளியாயிற்று. மாநாட்டில் எழுந்து நின்று கை தட்டினார்கள். வைரவநாதனுக்குப் பதக்கம், தயாநிதிக்குப் பதவி உயர்வு, ஹசீனாவுக்கு மேற்படிப்பு இடம்.

அந்த ஆறு நாளுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டுப் பாதிரியார் மருத்துவமனைக்குக் கடிதம் எழுதினார். விசாரணை என்று ஒன்றை நடத்தினார்கள். பொறுங்கள் என்றேன், பிழைப்பார் என்று சொல்லவே இல்லை என்றார் வைரவநாதன். அந்தம்மாவை நான் பார்த்ததே இல்லை, முப்பத்தோராம் நாள் இறந்தவரை முப்பத்தோராம் நாள் என்றுதான் பதிந்தேன் என்றார் தயாநிதி. நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை, ஆறுதல்தான் சொன்னேன் என்றாள் ஹசீனா. மூவரும் சொன்னது உண்மை என்று கண்டு விசாரணைக் குழு டீ குடித்துவிட்டுக் கலைந்தது.

இப்போது சொல்லுங்கள். மூவரில் பெரிய அயோக்கியர் யார் என்று நான் கேட்கவில்லை, அதற்குப் போட்டி பலமாக இருக்கிறது. நான் கேட்பது இது மட்டும்தான்: பிரகாசியை ஏமாற்றியது யார்?

விடை: ஹசீனா. தயாநிதிக்குக் காரணம் தெரியும், பிரகாசியைத் தெரியாது. வைரவநாதன் காரணத்தை மறைத்தார், ஊரையே ஏமாற்றினார், அதற்கு அவரை எவ்வளவு திட்டினாலும் தகும். ஆனால் அந்த ஆறு நாளைப் பிரகாசி என்னவென்று எடுத்துக்கொண்டாள் என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் நிற்கவில்லை. ஆறு நாள் எதற்கு என்பதும், அவள் அதை எதற்கென்று நம்புகிறாள் என்பதும் சேர்ந்து தெரிந்தது ஒருத்திக்குத்தான். கேட்ட கேள்விக்கு இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் மரியசூசை வீட்டுக்குப் போயிருப்பார். ஹசீனா இப்போது தனியாக அறுவை செய்கிறாள், சொந்தமாக ஓர் ஆராய்ச்சியும் தொடங்கிவிட்டாள். நோயாளிகளின் வீட்டாருக்கு அவளை ரொம்பப் பிடிக்கிறது, அவ்வளவு கனிவாகப் பேசுகிறாளாம்.